தலைவலித் தைலமும் சைலன்சர் பேக்கிங்கும்

தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளில் அவர் ஒரு தடவைகூடத் தலைவலித் தைலம் கேட்கவில்லை. அதை முதலில் கவனித்தது அவருடைய மனைவிதான்.

அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கிராமம். வாசல் வேப்ப மரத்தடியில் அவர்களுடைய பழைய 407 நிற்கிறது. ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்குப் போய், இறக்கிவிட்டுக் காலையில் திரும்பும் வண்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கிடந்தால் வண்டிக்கும் ஓய்வு, வீட்டு வரவுக்கும் ஓய்வு.

மார்கழியிலிருந்தே அவருக்குத் தலைவலி. லோடு இறக்கி வந்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிடுவார். சாப்பாடு இறங்காது. "தூக்கம் கெட்டா அப்படித்தான் இருக்கும்" என்பார். கண்ணாடி மாற்றியாயிற்று. ஒரு நாள் மத்தியானம் டாக்டரிடமும் போய் வந்தாயிற்று. விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் 98. ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது.

மாசியில் ஒரு கல்யாணத்துக்காக அவளும் அதே வண்டியில் திருச்சி போனாள். பனிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் அவளுக்கும் தலை கனத்து, குமட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதை வண்டி ஒவ்வாமை என்று விட்டுவிட்டாள். இப்போது, வண்டி ஓடாத பத்து நாளில் தைலப் புட்டி திறக்கப்படாததைப் பார்த்ததும் அது ஞாபகத்துக்கு வந்தது.

"ஏங்க, உங்களுக்குத் தூக்கம் கெட்டுச்சு சரி. நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சுத்தானே வண்டியில ஏறுனேன். எனக்கு எதுக்கு அதே தலைவலி?"

அவர் பதில் சொல்லவில்லை. ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கும் மகன்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பா, நாளைக்குக் காலையில நான் சொல்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க."

ஊதுபத்தி காட்டிய இடம்

சைலன்சர் ஓட்டையை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பிடிக்க முடியும். சூடேறினால் இரும்பு விரிந்து சின்ன இடைவெளி தானாக அடைபடும், சத்தமும் குறைந்துவிடும். விடிகாலையில் வண்டியைக் கிளப்பியதும் மேனிபோல்டு பக்கம் 'டிக் டிக் டிக்' என்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமாகியது.

மகன் டார்ச் அடித்தான். மேனிபோல்டும் முன்குழாயும் சேரும் இடத்தில் கரி கோடு போட்டாற்போல் படிந்திருந்தது. "அம்மா, ஒரு ஊதுபத்தி கொண்டாங்க" என்றான். சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்தாள். டீசல் குழாய்ப் பக்கம் போகாமல் இணைப்புகளின் ஓரமாக மட்டும் காட்டினான். நேராக எழும்பிய புகை அந்த இடத்தில் பக்கவாட்டில் சிதறியது. கேபினுக்கு நேர் கீழே, கிளாம்ப் இறுக்கியிருந்த இடத்திலும் சிதறியது. அங்கே குழாய் துருவேறி அரிசி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

துரு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காகக் கீழே சொட்டியிருக்கிறது. மூன்றாவது குறை கேபினுக்குள் இருந்தது. கியர் கம்பி மேலே வரும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்து கிடந்தது. கீழே கசிந்த புகை அந்த வழியாக ஏறி, கண்ணாடி மூடிய கேபினுக்குள் தங்கியிருக்கிறது.

புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. பெட்ரோல் என்ஜினைவிட டீசல் என்ஜினில் அது குறைவுதான். ஆனால் மூடிய இடத்தில் மணிக்கணக்காகச் சுவாசித்தால் அந்தக் குறைவும் போதும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் 98 என்றே காட்டும். வெளிக்காற்றில் இருந்தால் நாலைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். மத்தியானம் டாக்டரிடம் போனவருக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. இதெல்லாம் போக, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது.

உடைந்த போல்ட்

தடைக்காலத்தில் பட்டறைக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. அப்பாவும் மகனும் வீட்டிலேயே பார்ப்பதென்று முடிவாயிற்று. மகன் மூன்று நிபந்தனை போட்டான். வண்டி ஒரு ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமலும், ஜாக்கியை மட்டும் நம்பியும் யாரும் அடியில் போகக் கூடாது.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஜாக்கி போடறேன்டா" என்றார் அப்பா.

"ஜாக்கிக்கு அது தெரியாதுப்பா" என்றான் மகன். பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் ஸ்டாண்டு இரவல் வாங்கி வந்த பிறகுதான் இருவரும் அடியில் படுத்தார்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் சாயந்தரமே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டிருந்தார்கள். மறுநாள் சுத்தியலால் மெல்லத் தட்டி, கொஞ்சம் திருகி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி திருகி, இரண்டு நட்டு வந்துவிட்டது. மூன்றாவதில் அப்பா பொறுமை இழந்து ஸ்பானரில் பைப்பைச் செருகி இழுத்தார். 'டக்' என்று ஸ்டட் முறிந்தது.

இருவரும் பேசவில்லை. முறிந்த துண்டு மேனிபோல்டுக்குள் மாட்டிக்கொண்டது. இனி மேனிபோல்டையே கழற்ற வேண்டும்.

அப்படியே மல்லாந்து படுத்தபடி அப்பா சொன்னார். "மார்கழியில ஒரு நாள், விடியக்காலம். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு தம்பி. ஆனா ரோடு எங்க வளையுதுன்னு புத்திக்கு எட்டல. புளியமரத்துக்கு ரெண்டடி இருக்கையில பிரேக் புடிச்சேன். அம்மாகிட்ட சொல்லிறாத."

அம்மா காபி டம்ளரோடு வண்டிக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, பேத்தி காதணிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு வந்து மகன் கையில் கொடுத்தாள். "எது எது மாத்தணுமோ அம்புட்டையும் மாத்து. ஒட்டுப் போடாத" என்றாள்.

மாட்டுவதில் இருக்கிறது

மேனிபோல்டு அறந்தாங்கி லேத் பட்டறைக்குப் போனது. முறிந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுத்தார்கள். முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது, சூட்டில் வளைந்திருக்கிறது. அதைச் சீவிச் சமன் செய்யாமல் எத்தனை புது பேக்கிங் போட்டாலும் மறுபடி ஊதும் என்றார் லேத்காரர். மாதக்கணக்கில் கேட்ட 'டிக் டிக்' சத்தத்துக்கு இந்த வளைவும் ஒரு காரணம்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது மகன் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டான், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டான். பழைய வண்டி பேக்கிங்குகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. புது பேக்கிங், புது ஸ்டட், புது நட்டு, முன்குழாய், கிளாம்ப், சைலன்சரைத் தாங்கும் ரப்பர், கியர் கம்பி உறை என்று எல்லாம் வந்தது. கழற்றிய பேக்கிங் ஒன்றுகூடத் திரும்ப ஏறவில்லை.

மாட்டும்போது எதையும் முதலிலேயே இறுக்கவில்லை. எல்லாவற்றையும் தொளதொளவென்று கோத்து, குழாய் பிரேக் ஹோஸிலும் வயரிலும் டீசல் குழாயிலும் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு என்ஜின் பக்கத்திலிருந்து தொடங்கி வால் வரைக்கும், நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். அரை மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, இன்னொரு முறை இறுக்கினார்கள். புது பேக்கிங் சூட்டில் அமுங்கும். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.

ஆசைப்பட்டுப் புதிய வண்டிகளில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளின் புகைக்குழாயில் சென்சார்களும் கரி வடிகட்டியும் இருக்கின்றன. வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது உள்ளே சூடு சுமார் 600 டிகிரி வரை போகும். அதெல்லாம் பட்டறை வேலை. எந்த வண்டியானாலும் டீசல் டேங்க் பக்கத்தில் வைத்துக் குழாய்க்கு வெல்டிங் வைக்கவே கூடாது. கழற்றி எடுத்துப் போய்த்தான் வைக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி ஏற்றினால் தலை வலித்து, இறக்கினால் சரியாகிறதென்றால், வண்டியை நிறுத்தி இறங்கிக் காற்று வாங்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது புகை விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் விடிகாலை மறுபடியும் ஊதுபத்தி ஏற்றினார்கள். இந்த முறை அம்மாவே பிடித்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் நிதானமாகக் காட்டினாள். புகை எங்கேயும் சிதறாமல் நேராக ஏறியது.

"எட்டு வருஷம் தாண்டுன வண்டின்னு வருஷா வருஷம் எஃப்சி காட்டுறீங்கல்ல" என்றாள் கணவரிடம். "இனிமே நீங்களும் வருஷத்துக்கு ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டணும். மரத்துக்கு ரெண்டடியில நின்னா அதையும் எங்கிட்ட சொல்லணும்."

அவர் தலையாட்டினார்.

ஜூனில் தடை முடிந்து முதல் லோடு போனது. அன்று ராத்திரி தூறல்; கண்ணாடியை ஏற்றித்தான் ஓட்டியிருப்பார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"திருச்சியில இறக்கியாச்சு. கிளம்பப் போறேன்."

"தலை?"

"தலையெல்லாம் ஒண்ணுமில்ல. பசிக்குது புள்ள. என்ன சமையல்?"

நாலு மாசமாக வண்டி திரும்பும் நாளில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "மீன் கொழம்புதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.