அக்கா வேலையை விட்ட கதை

ஹாஸ்டலில் இப்போது எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். எவனுக்கு எந்த கம்பெனியில் கிடைத்தது, எத்தனை லட்சம், பெங்களூரா சென்னையா. போன வாரம் மெஸ்ஸில் ஒருத்தன் கேட்டான், "ஏண்டா, இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குற வேலையை யாராச்சும் விட்டுட்டு ஊர் சுத்தப் போவாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் அக்கா அதைத்தான் செய்தாள். அவளைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருவேங்கடம். தென்காசி மாவட்டம் என்று சொன்னதுமே "ஆஹா, குற்றாலம் பக்கமா?" என்பார்கள். ஐயா சாமிகளே, 2019ல் மாவட்டத்தைப் பிரித்தபோது எங்களையும் தென்காசியோடு சேர்த்தார்கள், அவ்வளவுதான். எங்களுக்கும் அருவிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாங்கள் சங்கரன்கோவிலையும் தாண்டிக் கரிசல் காட்டில் கிடக்கிறோம். மழை பெய்தால் உளுந்து, பருத்தி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். அப்பா காட்டைப் பார்ப்பார், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். இதில்தான் அக்காவைப் படிக்க வைத்தார்கள். அவளும் படித்து, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் மாதம் 38 ஆயிரம். எங்கள் தெருவில் அது பெரிய பேச்சு.

நாலு வருஷம் ஓடியது. ஒரு தடவை பொங்கலுக்கு வந்தவள் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னாள், "லேய், நாலு வருஷமா சிவப்பு வந்தா தப்பு, பச்சை வந்தா சரின்னு ஒரே ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருக்கேன். முப்பது வயசுக்குள்ள வேற ஒரு ஊரு, வேற ஒரு ஆகாசம் பாக்கணும்." நான் வெறும் சலிப்பு என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள்.

பிரிட்டன் அரசாங்கத்துக்கும் நம் அரசாங்கத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இளம் தொழில்முறையாளர் திட்டம் என்று பெயர். 2023ல் ஆரம்பித்தது. 18 முதல் 30 வயது வரை, கையில் ஒரு டிகிரி. வருஷத்துக்கு 3,000 இந்தியர்கள் அங்கே போய் இரண்டு வருஷம் இருக்கலாம், பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம், சுற்றலாம். போகும் முன்பே வேலை கிடைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 3,000 பேரையும் குலுக்கலில்தான் எடுப்பார்கள். குலுக்கல் இரண்டு நாள் மட்டும் திறந்திருக்கும். பெயர் கொடுக்கக் காசு கிடையாது. 2024 பிப்ரவரியில் போட்டாள், விழவில்லை. ஜூலையில் மறுபடி போட்டாள். அப்போது லீவில் இருந்தேன். அவளுக்கு ஆபீஸ் நேரம் என்பதால் பாஸ்போர்ட் நம்பரை எல்லாம் வாங்கிக்கொண்டு நான்தான் இங்கிருந்து ஃபாரத்தை நிரப்பினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆக, இந்தக் கதையில் நானும் கூட்டுக் களவாணி.

இந்தத் தடவை விழுந்துவிட்டது.

அது வெளியே வந்த விதம்தான் வேடிக்கை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்துக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? விலை சட்டென்று இறங்கியது. அம்மா உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "ஏட்டி, தங்கம் இறங்கிருக்காம். உன் பாங்குல கிடக்க காசை எடுத்து அனுப்பு. நாளைக்கே சங்கரன்கோவில் போயி நகை எடுத்துருதேன்." அந்தக் காசு எட்டு லட்சம் பத்து லட்சம் எல்லாம் இல்லை. ஐந்தரை லட்சம். நாலு வருஷ மிச்சம். இந்த விசாவுக்கோ 2,530 பவுண்டு, அதாவது அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய், தொடர்ந்து 28 நாள் அவள் பெயரில் அசையாமல் இருந்தாக வேண்டும். விசா கட்டணமும், அங்கே இரண்டு வருஷ மருத்துவத்துக்கு முன்கூட்டியே கட்டும் தொகையும் சேர்ந்து இன்னொரு 2 லட்சத்தை நெருங்கும். அதற்கு மேல் விமான டிக்கெட். நகை எடுத்தால் லண்டன் இல்லை. லண்டன் போனால் நகை இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்லிவிட்டாள்.

"அது உன் கல்யாணத்துக்குச் சேத்த காசுட்டி!"

"நான் சேத்த காசும்மா."

அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் சோறு வெந்தது, பேச்சு வேகவில்லை. மாமா கழுகுமலையிலிருந்து பஞ்சாயத்துக்கு வந்தார். அவர் சொன்ன வாதத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். "ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவுல இருந்தவரு. அவரே 2019ல நம்ம மத்தளம்பாறைக்கு வந்து உக்காந்துட்டாரு. உலகமே தென்காசிக்கு வருது, இவ எதுக்கு இங்கிருந்து ஓடுதா?" அக்கா போன் ஸ்பீக்கரில் இருந்தாள். "மாமா, அவரு போய்ப் பாத்துட்டுத்தான வந்தாரு? நானும் பாத்துட்டு வாரேன்" என்றாள். மாமா காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களே அனுப்பிருவாங்களா தாயி?" ஆமாம் என்றாள். அந்த விசாவை நீட்டிக்க முடியாது, ஒருவருக்கு ஒரு தடவைதான். "அப்ப சரி" என்றார். 2025 ஜனவரியில் போனாள்.

போனதும் பாலும் தேனும் ஓடியது என்று நினைக்காதீர்கள். கிளாஸ்கோவில் இரண்டு மாதம் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் போய்விடுவாள் என்று தெரிந்ததும் ஒரு கம்பெனியும் அசையவில்லை. கையிருப்பு கரைந்தது. ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற மலையடிவார ஊரில், ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. நம் காசுக்குச் சுமார் 1,400 ரூபாய். அம்மா ஒரு நாள் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தாலும் அதில் பாதி வராது. "ஆனா இங்க ஒரு சாப்பாடே நம்ம ஊரு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசுலே" என்பாள். டிகிரி படித்த பிள்ளை அடுத்தவன் படுக்கையை உதறுகிறாள் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. "ஓட்டல்ல வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தோம். அம்மா மேனேஜர் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கே அடிக்கடி மழையாம். "வருஷம் பூரா குற்றாலச் சாரல் மாதிரிதான் இருக்கு, ஆனா அருவியில தலையைக் குடுத்தா செத்துருவோம்" என்று எழுதியிருந்தாள்.

இதுவரை நல்ல கதை. இனிமேல்தான் நான் எழுதத் தயங்கிய பகுதி.

2025 மே மாதம். எனக்கு ஆறாவது செமஸ்டர் பரீட்சை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. காட்டில் முள் குத்தியதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். வலது கால் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் அம்மா பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட ஆள் வேண்டும், ரத்தத்துக்கு ஓட ஆள் வேண்டும், ராத்திரி படுக்க ஆள் வேண்டும். நான்தான் ஆள். பதினோரு நாள். அதில் ஒரு பரீட்சை போயிற்று.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்பது அப்பா உத்தரவு. ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி வார்டில் அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. அக்கா பென் நெவிஸ் மலை உச்சியில் நிற்கிறாள். 1,345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. மே மாதத்திலும் உச்சியில் பனி. வாயெல்லாம் பல்லாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே "ஏறிட்டேன்லே!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "நல்லா ஏறு. இங்க அப்பாவுக்கு விரலை எடுத்தாச்சு."

அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அந்த வரியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். என் புத்தி எனக்கு மறக்கக்கூடாது என்பதற்காக.

அடுத்த நிமிஷம் போன் வந்தது. அழுகை. டிக்கெட் போட்டு வருகிறேன் என்றாள். அப்பா போனை வாங்கி, "வராத தாயி. வந்து விரலை ஒட்டவா போற?" என்று சொல்லிவிட்டார். அவள் வரவில்லை. இரண்டு நாளில் 40 ஆயிரம் அனுப்பினாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. காசு அனுப்பினால் ஆயிற்றா என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் அல்லது அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறொன்றைச் சொன்னாள். என் தாத்தா கொழும்பில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய அம்மா இறந்தபோது தந்தி போய்ச் சேர்ந்து அவர் கிளம்பி வருவதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டதாம். "அதுக்கு அவரை ஊருல யாரும் ஒரு வார்த்தை சொல்லல. குடும்பத்துக்காகப் போனாருன்னாங்க. இவளைத்தான் எல்லாரும் சொல்லுதாங்க. நீயும் சொல்லுத."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் கொஞ்ச நஞ்சமா? கொழும்பு, கண்டி, பர்மா, பிறகு சவுதி, துபாய். எல்லாரும் கடனை அடைக்கப் போனார்கள், வீடு கட்டப் போனார்கள், தங்கையைக் கட்டிக் கொடுக்கப் போனார்கள். கடனுக்காகப் போனால் அதற்குப் பெயர் தியாகம். ஆசைக்காகப் போனால் திமிர். அதுவும் பொம்பளைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் விட்டுப்போன வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தாத்தா போனபோதும் யாரோ ஒருவர் இங்கே என்னைப் போலப் பாய் விரித்துப் படுத்திருப்பார்.

ஊர் பார்ப்பதற்காகவே போனவர்கள் நம்மில் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1911ல் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். அதை விட்டுவிட்டுப் புகைப்படக்கலை படிக்க ஜப்பானுக்குப் போனார், பிறகு அமெரிக்கா. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியதாம். அதற்காகக் கண்டம் கண்டமாகச் சுற்றிப் பழைய படச்சுருள்களைத் தேடிப் பிடித்து, 1940ல் அந்த ஆவணப் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. 'உலகம் சுற்றிய தமிழன்' என்று பெயர் வந்தது பிறகுதான். அவர் ஆட்கள் வியாபாரத்துக்கும் வட்டிக்கும் பர்மா போய்க்கொண்டிருந்த காலம். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதையும் தாண்டிப் போனார். அக்கா அப்படி எதையும் சாதிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மலை ஏறினாள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் கடன் இல்லாமல் கடல் தாண்டிய முதல் ஆள் அவள்தான்.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால் சில விஷயங்கள். பிரிட்டன் போலவே ஆஸ்திரேலியாவும் 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கு இதைத் திறந்தது. வருஷத்துக்கு 1,000 இடம், வயது 18 முதல் 30, அதுவும் குலுக்கல், பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். "குலுக்கலில் உறுதியாக எடுத்துத் தருகிறேன்" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் அது பொய். அரசாங்கத் தளத்தில் நாமே போடலாம், நான் போட்டேனே. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் போகலாம். மூன்று மாதச் செலவுக்குத் தனியாகக் காசு வேண்டும். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். யாரும் சொல்லாத ஒன்று: நீங்கள் போனால் வீட்டில் உங்கள் இடத்தில் யார் நிற்பார்கள் என்று முதலிலேயே அந்த ஆளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அக்கா என்னிடம் ஃபாரத்தை நிரப்பச் சொன்னாள். அதைப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தப்பு இரண்டு பேர் மேலும்தான்.

மெஸ்ஸில் கேட்ட நண்பனுக்கு இன்னொரு பதிலும் பாக்கி இருக்கிறது. "நீ ஏன் முதல் நாலு கம்பெனிக்கும் வரலை?" என்று கேட்டானே. அந்த விட்டுப்போன பேப்பர் அரியராக நின்றது. அரியர் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். நவம்பரில் எழுதினேன், பாஸாகிவிட்டது. இனி வரும் கம்பெனிகளுக்கு உட்காருவேன். அக்காவுக்கு இது தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். யக்கா, கோபம் எல்லாம் போயிட்டு. திரும்பி வந்ததும் அடுத்த மூணு வருஷம் அப்பாவை நீ பாக்க, சரியா?

அந்தப் போட்டோவை மறுநாள் காலையில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "காலுக்கடியில வெள்ளையா இருக்கே, உப்பா?" என்றார். பனி என்றேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் போனை நீட்டி, "எம் பிள்ளை, பனியில நிக்கா" என்றார். வார்டில் இருந்த ஏழு கட்டிலுக்கும் என் போன் போய்விட்டு வந்தது.

அக்கா போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இப்போது எடின்பரோவில் ஒரு காபிக்கடையில் நிற்கிறாள். அம்மாவுக்கு இன்னும் ஒரு கணக்குப் பிடிபடவில்லை. அங்கே கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு என்னிடம் போன் போட்டுக் கேட்பது இதுதான்:

"லேய், அங்க இப்ப மணி என்ன? அவ சாப்பிட்டிருப்பாளா?"