உள்மூலையில் ஒரு டெக்

மே 10, சனி

ஸ்காபரோ. பழைய செங்கல் வீடும், பிறகு சேர்த்துக் கட்டிய பின்னறையும் சந்திக்கிற உள்மூலையில் டெக் வரப்போகிறது. பின்னறைச் சுவரோரம் 12 அடி, வெளியே 8 அடி. உயரம் 80 செ.மீ. டொரோண்டோவில் 60 செ.மீ. தாண்டினாலே நகரசபை அனுமதி வேண்டும்; எடுத்துவிட்டோம்.

"அத்தான், ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு. ரெண்டிலயும் பூட்டினா ஒரு தூண் போதுமே" என்றான் மச்சான். உள்மூலையைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எங்கள் செங்கல் வெறும் முகப்பு: ஒற்றை வரிசைக் கல், பின்னால் விரலளவு காற்றிடைவெளி, அதற்கும் பின்னால்தான் வீட்டைத் தாங்கும் மரச்சட்டம். அந்தக் கல்லில் டெக்கைத் தொங்கவிடக் கூடாது. பின்னறைச் சுவரில் மட்டும் பூட்டுவோம்.

மே 17, சனி

கிடங்கு கிண்டினோம். இங்கே குளிரில் நிலம் உறைந்து மேலெழும்பும். அத்திவாரம் நாலடிக்குக் கீழே போகாவிட்டால் தூணையும் தூக்கிவிடும். வீடோ அசையாது. இரண்டுக்கும் நடுவில் டெக் முறுகும். செங்கல் சுவரை ஒட்டி இன்னொரு சிக்கல், அங்கே கிடப்பது நிலவறை கட்டியபின் கொட்டி நிரப்பிய மண். அதனால் தூணைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இறுகிய சொந்த மண் தட்டுப்படும்வரை தோண்டினோம். பீமின் நுனி அந்த இரண்டடியும் தூணைத் தாண்டி நீண்டு நிற்கும்.

மே 22, வியாழன்

பரிசோதகர் ஆழம் பார்த்துச் சரி என்றார். மாலையில் கொங்கிறீட்.

மே 24, சனி

இன்று முழுவதும், டெக்கைச் சுவரோடு பூட்டும் லெட்ஜர் பலகைக்கே போயிற்று. போகட்டும், டெக் இடிந்து விழுந்த கதைகளில் பெரும்பாலும் கழன்றது இந்தப் பலகைதான். வெறும் ஆணியை நம்பி அடித்திருப்பார்கள். வினைல் உறையைக் கழற்றி, உள்ளே தளச்சட்டத்தின் விளிம்பு மரம்வரை அரை அங்குல போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இறுக்கினோம்.

அதைவிட எனக்குக் கவலை தண்ணீர். இரண்டு கூரைகளின் மழையும், உருகும் பனியும் இந்த மூலைக்குத்தான் இறங்குகின்றன. பீலியின் குழாயை முதலில் அப்பால் திருப்பினோம். லெட்ஜருக்கு மேலே தகட்டை வைத்து, அதன் மேல்விளிம்பைச் சுவர்த் தாளுக்கு அடியில் செருகி, மூலையில் வெட்டாமல் மடித்துச் செங்கல் பக்கம் ஏற்றினேன். வெட்டியிருந்தால் தண்ணீர் அந்தக் கீறலைத்தான் தேடி வரும். அலுமினியத் தகடு வாங்கவில்லை. 2003 முடிவோடு வீட்டு வேலை மரம் உக்காதிருக்க ஏற்றும் ஆர்செனிக் மருந்தை விட்டுச் செம்பு மிகுந்த மருந்துக்கு மாறினார்கள். அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். சாதாரண ஆணியையும் விடாது. ஆணி, ஹேங்கர் எல்லாம் சூட்டில் துத்தநாகம் தோய்த்தவை.

மே 31, சனி

பீம் ஏறியது. வீட்டின் மூலை சரியான மூலைமட்டத்தில் இல்லை. மூன்று–நான்கு–ஐந்து கணக்கில் பிடித்தபோது தெரிந்தது. சட்டத்தைச் சதுரமாகவே வைத்தோம். சுவரின் கோணலைக் கடைசிப் பலகை ஏற்றுக்கொள்ளட்டும். மேல்பலகையைத் தாங்கும் ஜாயிஸ்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்று, வளைவு உள்ள பக்கம் மேலே. செங்கலோரத்து ஜாயிஸ்ட் சுவரைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்த மச்சான், "இலை குப்பை விழுமே" என்றான். விழும். கம்பியால் கிளறி எடுத்துவிடலாம். உள்ளே உக்கிய மரத்தை அப்படி எடுக்க முடியாது.

சட்டத்தைப் பரிசோதகர் பார்த்தபின் மேல்பலகை. கைப்பிடிக்கு மரம் இன்னும் வாங்கவில்லை.