மெடிக்கல் இல்லாத துயரங்கள்

இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் வழக்கில் 'மெடிக்கல் போடுதல்' என்றொரு தொடர் உண்டு. பரீட்சைக்குத் தோற்ற முடியாமற் போன மாணவர், வைத்தியர் தந்த நோய்ச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் ஒப்படைத்துத் தமது வராமையை ஏற்கச் செய்வதையே அது குறிக்கும். அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின் பார்வைக்குச் சென்று, பீடச்சபையையும் கல்வி விடயங்களில் மேலான சபையாகிய மூதவையையும் கடந்து ஏற்கப்பட்டால், மாணவர் அடுத்த முறை எழுதுவது முதற் தடவையாகவே கணிக்கப்படும். ஏற்கப்படாவிட்டால் அது 'ரிப்பீட்', அதாவது மீள்தோற்றம் ஆகிவிடும். அப்போது விடைத்தாள் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் பெரும்பாலும் சாதாரண சித்திக்கு மேலான தரம் கிடைப்பதில்லை என்பதோடு, வகுப்புச் சித்தி எனப்படும் சிறப்புத் தகைமையும் கைநழுவிப் போகும். இடையூறு எதுவாயினும் மாணவர் நாவில் அதற்கு 'மெடிக்கல்' என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது என்பதிலிருந்தே, எந்தத் துன்பத்துக்கு நிருவாகம் காது கொடுக்கப் பழகியிருக்கிறது என்பது விளங்கும்.

காய்ச்சலுக்கு வைத்தியர் இருக்கிறார். கடல் கொந்தளிப்பதால் அடுப்பு எரியாத வீட்டுக்குச் சான்றளிக்க எவரும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் அமைந்துள்ளது. அதைச் சூழ்ந்த கரையோரத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரையான காலம், சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும் காலமாகும். தந்தையின் தொழில் நின்றுபோன அந்த வாரங்களில், துறைமுகத்தையொட்டிய ஆலையொன்றிலோ நகரத்துக் கடையொன்றிலோ மூத்த மகன் நாட்கூலிக்குப் போக, விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்குகிறது. வரவு இறங்கினால் பரீட்சைக்குத் தோற்றும் தகுதி ஆட்டங்காணும். கிராம அலுவலர் அக்குடும்பத்தின் வருமானத்துக்குச் சான்று தரலாம். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி, அதாவது உறுதியுரைத்து ஒப்பமிடும் கூற்று, முடிக்கலாம். ஆயினும் அந்த மகன் இன்ன திங்கட்கிழமை விரிவுரைக்கு வராததற்கு அந்த வறுமைதான் காரணம் என்று இவற்றுள் எந்தத் தாளும் சொல்லப்போவதில்லை.

ஊரையே தாக்கிய இடர்களுக்கு இந்தச் சங்கடம் நேர்ந்ததில்லை. 1980களின் இறுதியில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக்கிடந்தபோது மாணவர் பலரின் பட்டம் ஆண்டுக்கணக்கில் பிந்தியது. அதற்காக எந்த மாணவரும் தனிக்கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் நிலாவெளிக்குள் புகுந்தபோதும், 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டபோதும் காரணம் கேட்பார் இல்லை. ஆனால் 2006இல் போரினால் சம்பூரிலிருந்து பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் படித்து, ஊர் திரும்ப ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடப்பெயர்வு ஒருநாட் செய்தியாக முடியவில்லை; காணி வழக்கு, கடன், தாயின் நோய் என்று அது பிற்பட்ட ஆண்டுகளிலும் தொடர்ந்தது. இவ்வளவையும் கண்ட திருகோணமலை மாவட்டத்தில் தனியொருவரின் முறைப்பாடு 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லை அலுவலகத்துக்கு முன்பே மாணவரின் வீடு சொல்லிவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

துக்கத்தின் நாட்கணக்கும் கல்வியின் நாட்கணக்கும் வேறுவேறானவை. சைவக் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் எட்டாம் நாட் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஆகிய சடங்குகள் உண்டு. மூத்த மகன் அவற்றுக்கு இல்லாமல் முடியாது. கிண்ணியாவிலோ மூதூரிலோ கணவரை இழந்த முஸ்லிம் மாணவி அனுசரிக்கும் இத்தா, அதாவது விதவை வீட்டோடு தங்கியிருக்கும் காலம், நான்கு மாதமும் பத்து நாட்களுமாகும். பதினெட்டு வாரங்களைத் தாண்டும் அந்தக் காலத்துக்குள் பதினைந்து வாரக் கற்பித்தலைக் கொண்ட அரையாண்டு ஒன்று முழுவதுமாக அடங்கிவிடும். அவசியத் தேவைக்குப் பகலில் வெளிச்செல்ல மார்க்க அறிஞர் பலர் இடமளித்திருந்தாலும், அதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லும் நிலையில் புதிதாக விதவையான இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி இருப்பாள் என எதிர்பார்ப்பது கடினம். ஆனால் அறிவிப்பதற்கான காலக்கெடு மட்டும், வாய் திறக்கவே இயலாத அந்த முதல் நாட்களில்தான் ஓடத் தொடங்குகிறது.

எழுதும் மொழியும் ஒரு தடையே. கற்கைநெறிகள் பலவும் ஆங்கில மொழிமூலம் நடப்பதால், பீடாதிபதிக்கான கடிதமும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்று மாணவர் தாமாகவே முடிவு செய்துகொள்கின்றனர். மூத்த மாணவரிடம் பழைய கடிதமொன்றை வாங்கிப் பெயரையும் திகதியையும் மாற்றியெழுத, வீட்டில் நடந்தது முழுவதும் 'தனிப்பட்ட காரணங்கள்' என்ற இரு சொற்களுக்குள் மறைந்துபோகிறது. அதைப் படிக்கும் அதிகாரி நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் இரங்குவதற்கான விவரம் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

இதன் விளைவு ஒழுக்கத்தையும் தொடுகிறது. உண்மைக் காரணம் செல்லாது என்று கேள்விப்பட்டவர் இல்லாத வயிற்றுவலிக்குச் சான்றிதழ் தேடுகிறார். தேட மனமில்லாதவர் ஒரு பட்ச் கீழே போய், இளையவர்களோடு அமர்ந்து பட்டத்தை முடிக்கிறார், அல்லது முடிக்காமலே நின்றுவிடுகிறார். பொய்யருக்கு வசதியையும் நேர்மையாளருக்கு இழப்பையும் தரும் ஏற்பாட்டைக் கண்டிப்பு என்று அழைப்பது பொருந்தாது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், குறுகிய கால இடையூறுக்கு மாணவர் தாமே ஒப்பமிட்டுச் சான்றுரைக்கும் முறை, எண்ணிக்கை வரம்போடு இடம்பெற்றுள்ளது. இங்கு அதை அப்படியே நட வேண்டியதில்லை என்றாலும், அறிவித்தலையும் நிரூபித்தலையும் பிரித்து, முன்னதற்கு ஒரு வரியும் பின்னதற்குச் சில வாரங்களும் அனுமதித்தால், பரீட்சைக் கிளையின் கண்டிப்பு எதுவும் குறைந்துவிடாது.

அதுவரை மாணவர் கையில் உள்ளது சிறிதே ஆயினும் பயனற்றதன்று. இடர் நேர்ந்த வாரத்திலேயே துறைத்தலைவருக்கும் மாணவர் ஆலோசகருக்கும், அதாவது மாணவர் நலனைக் கவனிக்கவென நியமிக்கப்பட்ட விரிவுரையாளருக்கும், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழியும் அதுவே. ஆதலால் அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். திகதி இட மறக்கவும் வேண்டாம்.