துப்பாக்கியும் தொட்டிலும்

சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' (1998) படத்தில் மனிதவெடிகுண்டாகப் புறப்படும் மல்லி, தான் கருவுற்றிருப்பதை அறிந்து தடுமாறுகிறாள். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்திலோ, ஆயுதமேந்திய ஷியாமாவை எதிர்கொள்ளும் கேள்வி, பெற்ற மகளை ஏன் விட்டுச்சென்றாள் என்பதே. இரண்டையும் நெகிழ்ந்துதான் பார்த்தோம் (நந்திதா தாஸின் முகம் இன்னும் மறக்கவில்லை). ஆயினும் துப்பாக்கி ஏந்திய ஆணிடம் அவன் பிள்ளைகளைப் பற்றி நம் திரைப்படங்கள் இவ்வளவு அக்கறையுடன் விசாரித்ததாக நினைவில்லை. அவன் கொள்கைக்காகப் போனான் என்றால் கதை மேலே நகர்ந்துவிடுகிறது.

புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராயிருந்த தமிழினி 2015இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலில் இயக்கம், தோல்வி, சிறை எல்லாம் வருகின்றன. தலைமை மீதான விமர்சனமும். எழுந்த சர்ச்சையோ, அதை அவர்தான் எழுதினாரா, எழுதியதால் துரோகியா என்பதிலேயே சுழன்றது. பெண் போராளி ஒருவர் தம் அரசியலைத் தாமே எடைபோட்டிருக்கிறார் என்பது அந்தக் கூச்சலில் பெரிதும் பேசப்படவில்லை.