அளவுக்கு நிறுத்திய ஆள்

மாமல்லபுரத்தின் பழைய படங்களைப் பார்க்கும்போது என் கண் சிற்பத்துக்குப் போவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை நிக்கலஸ் கம்பெனி எடுத்தவை முதல் பின்னால் வந்த தபால் அட்டைகள் வரை, பலவற்றில் ரதத்தின் அடியிலோ பாறையோரமோ ஓர் ஆள் நிற்பார், இல்லாவிட்டால் குந்தியிருப்பார். கல் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக நிறுத்தப்பட்டவர். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருந்தாக வேண்டும். வெயிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கொடுத்திருக்கிறார். படத்தின் அடியில் கோயிலின் பேர் இருக்கிறது, அவர் பேர் இல்லை.

ஆளையே எடுக்க வந்தவர்களும் பேர் கேட்டதாகத் தெரியவில்லை. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் செங்கல்பட்டு இருளர்களும் வருகிறார்கள். மனிதர்களின் மூக்கை நீளம் அகலம் பார்த்து அளந்தவர் தர்ஸ்டன். படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பேரோடு சரி. அதே செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கியபோது, பேப்பரில் படத்தோடு பேரும் வந்தது. அந்த விருதை வாங்கித் தந்த பாம்பு பிடிப்பு அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்தான். படத்தடியில் பேர் ஏறத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களின் கதை வேறு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த தலைமுறை ஒன்று இருந்தது. செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த ஒரே படத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அதுவும் இல்லாதவர்களுக்குக் கல்யாண குரூப் போட்டோதான் கதி. அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிசாக்கி, ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் ஒரு கோட்டு மாட்டிவிடுவார். உயிரோடு இருந்தவரை சட்டையே போடாத மனுஷனுக்கு! உற்றுப் பார்த்தால், அழிக்க மறந்துபோன பக்கத்து ஆளின் இரண்டு விரல் அந்தக் கோட்டின் தோளில் இன்னும் இருக்கும்.

கடலோரக் குப்பங்களில் இவையும் தங்குவதில்லை. உப்புக்காற்றில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியில், வெள்ளைத் தாள் கையில். மிச்சமிருந்ததில் எத்தனையோ 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியில் வீட்டோடு போயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி ஸ்கேன் செய்து வைத்தது பெரிய காரியம். ஆனால் ஸ்கேனருக்கு முகம்தான் தெரியும். அது இன்னார் என்று சொல்ல எண்பது வயது ஆயா ஒருத்தி வேண்டும்.

அப்படி ஒருத்தியிடம் பேரன் குரூப் போட்டோவைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஆயா, தாத்தா பக்கத்துல நிக்கிறது யாரு?”

“அதுவா, கட்டுமரத்துல உங்க தாத்தாவோட கூடப்போற ஆளு.”

“பேரு?”

“பேரு யாருக்குடா தெரியும்? ஊரே வவ்வாலுன்னுதான் கூப்புடும்.”

பையன் படத்தின் பின்னால் பென்சிலால் ‘வவ்வால்’ என்று எழுதினான். ஆயா எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாது, ஆனாலும் பார்த்தாள்.

“நம்ம வூட்டுக்கு நாப்பது ரூவா பாக்கி. அதையும் எழுதிக்க.”