பிள்ளைக் காம்பராவில் விடுமுறைச் சோறு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. சில டிவிசன்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். நிர்வாகக் கடிதங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு முன்பே கதவு திறந்தாக வேண்டும். அந்திக் கொழுந்து நிறுத்து, கடைசித் தாய் வந்து பிள்ளையைத் தூக்கும்வரை மூட முடியாது. எல்லாக் காம்பராவிலும் அடுப்பு எரிவதில்லை. பல இடங்களில் தாய் கட்டிக்கொடுக்கும் ரொட்டியும் சம்பலும்தான் மதியச் சாப்பாடு. அடுப்பு எரியும் காம்பராவில் அரிசியும் பருப்பும் பதிவேட்டின் தலைக்கணக்குப்படி அளந்து வரும். அந்த அளவுக்குள் சமைப்பதும் பகிர்வதும் ஆயாவின் தொழில்.

ஐந்து வயது முடிந்ததும் பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து வெட்டப்படும். அதன் பிறகு ஒரு நேரச் சோறு பாடசாலையின் பொறுப்பு. 2024 முதல் அரசாங்கம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உணவுத் திட்டத்தை விரித்திருக்கிறது; ஆனால் பாடசாலை நடக்கும் நாட்களுக்கு மட்டும். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் தவணை முடிந்து பாடசாலைக்குப் பூட்டு விழும்போது, ஆறு வயதுப் பிள்ளையும் எட்டு வயதுப் பிள்ளையும் எந்தக் கணக்கிலும் இல்லை. லய வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் காம்பரா வாசலுக்கு வருவார்கள். இறக்கி விட்டபின் திரும்பிப் போகமாட்டார்கள். அவர்களுக்கென்று அரிசி அளக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களை இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுத் தம்பிக்கு மட்டும் ஊட்டுவதை எந்த நல்ல ஆயாவும் செய்ததில்லை.

ஏப்ரலும் ஓகஸ்டும் ஒன்றல்ல. ஏப்ரலில் சித்திரை மழை விழுந்ததும் கொழுந்து பொங்கி வரும். தாயும் தகப்பனும் கைக்காசு எனும் மேலதிக வேலைக் காசுக்கும் சேர்த்து மலையில் நிற்பார்கள். வீட்டில் காசு ஓரளவு இருக்கும், சமைக்க ஆள் இருக்காது. ஓகஸ்டில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். கொழுந்து குறையும், பேர் (வேலை நாள்) குறையும், மாதக் கடைசியில் மா டின்னும் குறையும். ஏப்ரலில் வரும் பிள்ளைக்கு விளையாட இடம் வேண்டும். ஓகஸ்டில் வரும் பிள்ளைக்குப் பசி. இதை அறியாமல் இரண்டு மாதத்துக்கும் ஒரே உணவுப் பட்டியலை எழுதி அனுப்புகிறவர்கள் மலையில் ஒரு மழைக்காலமாவது இருந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

அரிசி குறைவாக இருக்கும்போது வயிற்றை நிரப்பக் கைகொடுப்பது பயறும் கடலையும். தொழிலின் பெரிய சிக்கலும் மலை உயரத்தில் அவற்றை வேகவைப்பதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். ஹட்டனில் அதைவிட இரண்டு பாகை கூடும். உலை தளதளவென்று கொதிக்கிறது, கடலை மட்டும் கல்லாகக் கிடக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் விறகைத் திணிப்பார்கள். எவ்வளவு திணித்தாலும் கொதிக்கிற தண்ணீரின் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். இதற்குப் பழைய ஆயாக்கள் கண்டுவைத்த முறை நீளமானது. கடலையை முந்தின நாள் அந்தியில் பச்சைத் தண்ணீரில் போடுவதில்லை. மலைக்குளிரில் அது விடியும்வரை ஊறினாலும் நடு ஊறாது. கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, அணைந்த அடுப்பின் சாம்பல் சூட்டில் பானையை வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீரில் ஏற்றுவார்கள். மூடியின் மேல் கல் வைக்க வேண்டும். ஆவி உள்ளேயே நிற்க வேண்டும். தக்காளியோ புளியோ கடலை மசிந்த பிறகுதான் உள்ளே போகலாம். முன்னே போட்டால் தோல் இறுகிக்கொள்ளும். தேங்காய்ப்பால் கடைசியில். வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் பிழையான சோதனை. பெரியவர் பல்லுக்கு வெந்த கடலை ஒன்றரை வயதுப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கினால் மாவாகப் பரவ வேண்டும். நடுவில் குருணை தட்டினால் இன்னும் அரை மணி நேரம். அப்படியும் மிகச் சிறியவர்களுக்கு மத்தால் கடைந்துதான் கொடுப்பார்கள்.

விறகு தனிப் பாடு. மழைமாதத்தில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறு ஈரமாகவே வரும். அதை அடுப்புக்கு மேல் பரண் கட்டி அடுக்கி, நாளைய விறகை இன்றைய புகையில் காயவைக்க வேண்டும். பரண் காலியாக இருக்கும் காம்பராவில் அடுத்த நாள் சோறு பிந்தும் என்பதைப் பழைய ஆயாக்கள் வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்கும் நிறைப் படத்தைப் பார்ப்பார்கள், பொம்மைகளை எண்ணுவார்கள். பரணை அண்ணாந்து பார்ப்பவர் அரிது.

பானையை நீட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. பருப்பில் தண்ணீர் கூட்டுவது ஏமாற்று. அதை நல்ல ஆயா செய்வதில்லை. வல்லாரை, பொன்னாங்கண்ணி, பூசணிக் கொழுந்து என்று கீரையைக் கூட்டலாம். கிழங்கு கிடைத்தால் அவித்து மசிக்கலாம். முதல் பந்தி இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு. அவர்களுக்குரிய அளவு தனிச் சட்டியில் எடுத்து வைக்கப்பட்ட பிறகே மற்றவர்களுக்குக் கரண்டி இறங்கும். விடுமுறைப் பிள்ளைகளின் பந்தி கடைசி. காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் சின்னவர்களுக்குக் கை கழுவிவிடுவார்கள், தட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அதனால் சோறு அவர்களுக்கு இலவசம் என்ற கூச்சமும் வராது.

இப்போது நிலைமை வேறு. பயிற்சி பெற்று வரும் இளையவர்கள் பாட்டும் கதையும் அழகாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல இடமில்லை. உலை வைக்க மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. விடுமுறைப் பிள்ளைகள் வந்தால் பிஸ்கட் பக்கற் பிரிகிறது, சீனி போட்ட சாயத்தண்ணி ஊற்றப்படுகிறது, வேலை முடிகிறது. பக்கற் உணவுக்கும் உரிய இடம் உண்டு. 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் சேர்ந்த மா, கர்ப்பிணிகளையும் நிறை குறைந்த பிள்ளைகளையும் தாங்கியிருக்கிறது. தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடி, 1974இல் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக மோசமாக ஏறிய காலம் அது. ஆனால் பக்கற்றை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதம் தொட்ட ஆண்டு அது. சோளத் தட்டுப்பாடும் சோளத்தில் பூஞ்சை நச்சும் சேர்ந்து அதே ஆண்டில் சிறுவர் திரிபோஷவின் வரத்தும் தடைப்பட்டது. அப்போது கைகொடுத்தது காம்பராவின் பின்பக்கத்துக் கீரைப் பாத்தி. பாத்தி இருந்த இடங்களில் மட்டும்.

விடுமுறைக் காலப் பசி மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கோடை விடுமுறை உணவு 1975 முதல் தனித் திட்டமாக நடக்கிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. கால்பந்து வீரர் மார்க்கஸ் ராஷ்போர்ட் 2020இல் எழுப்பிய குரலுக்குப் பிறகு, விடுமுறை உணவுத் திட்டம் 2021இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரிந்தது. இங்கே 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து பாடசாலைக்குப் போகிறார்கள், தவணை முடிந்ததும் காம்பரா வாசலுக்குத் திரும்பி வருகிறார்கள்.

ஆயாக்கள் இத்தனை காலம் இதைக் கணக்கில் காட்டாமலே செய்துவந்தார்கள். காட்டியிருந்தால் அரிசி கூடியிருக்கிறது என்று கேள்வி வந்திருக்கும். அதனால்தான் எந்த அறிக்கையிலும் விடுமுறைப் பிள்ளைகள் இல்லை. இல்லாதவர்களுக்கு ஒதுக்கீடும் இல்லை. இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பாடசாலை உணவுக்கான ஒதுக்கீட்டை விடுமுறை நாட்களிலும் நிறுத்தாமல், அடுப்புள்ள காம்பராக்களின் வழியாகக் கொடுக்கலாம். பயிற்சி வகுப்பில் ஒரு கிழமையைச் சமையலுக்கு ஒதுக்கி, ஓய்வுபெற்ற ஆயாக்களை அழைத்துக் கற்பிக்கச் செய்யலாம். அதற்கு முன், வரும் ஏப்ரல் விடுமுறையிலிருந்தே ஒவ்வொரு காம்பராப் பதிவேட்டிலும் ஐந்து வயது கடந்து வருகிறவர்களுக்கென ஒரு தனிப் பக்கத்தைத் தோட்ட நிர்வாகங்கள் திறக்க வேண்டும்.