எண்ணெய் எண்ணெய்தானே!

“இந்த வருஷம் முடியாதும்மா. வயசாயிடுச்சு. கையும் காலும் முன்ன மாதிரி ஓடல. வேற யார்கிட்டயாவது குடுத்துடு.”

2024 தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு கிள்ளானில் இருக்கும் அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா போனில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவர் இருபது வருட வாடிக்கையாளர். கல்யாண ரவிக்கையையே அம்மாவிடம் தைத்துக்கொண்டவர்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே மெஷின் சத்தம் தொடங்கிவிடும். அப்பா லாரி ஓட்டினார். அந்த வருமானம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். பள்ளிக் காலணி, டியூஷன், பண்டிகைச் செலவு எல்லாம் அம்மாவின் ரவிக்கைகளில்தான் வந்தன. நான் ஊடகவியல் படித்தபோது பிடிபிடிஎன் கடன் போக மிச்சத்தைக் கட்டியதும் அந்த மெஷின்தான். நான் முதலாம் ஆண்டு சேர்ந்த வருஷம் அம்மா கூட்டுப் பணம் எடுத்து வாங்கியது. கறுப்புத் தலை, கீழே இரும்புக் கால். முதலில் காலால் மிதித்தார். பிறகு பின்பக்கத்தில் ஒரு சின்ன மோட்டாரைப் பூட்டிக்கொண்டார்.

அன்று மாலை அம்மா தைக்க உட்கார்ந்தார். எனக்குச் சத்தம் உறுத்தியது. வானொலியில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தால் காது சும்மா இருக்காது. நான் வளர்ந்த சத்தம் ‘கடகடகட’ என்று மழை மாதிரி விழும். இது ‘டக்... டக்... டக்...’ என்றது. அதற்கு அடியில் மோட்டார் மூச்சு வாங்குவதுபோல் முனகியது.

“ஏம்மா இவ்ளோ மெதுவா ஓடுது?”

“மெஷின் இல்ல பாப்பா, நான்தான். கால்ல அழுத்தம் கொடுக்க முடியல.”

நான் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, பெடலை அடிவரை அழுத்தினேன். என் காலுக்கும் அதே வேகம்தான். அறுபத்து நாலு வயதுக் காலுக்கும் முப்பத்தைந்து வயதுக் காலுக்கும் ஒரே வேகம் என்றால், கோளாறு காலில் இல்லை.

மறுநாள், தையல் மெஷின் பழுது பார்க்கும் ஒரு சீன அங்கிளுக்குப் போன் செய்தேன். தீபாவளி நேரம், கடையில் வேலை குவிந்திருந்தது. வர இரண்டு வாரம் ஆகும் என்றார். “அதற்குள் நீயே பார்க்கலாம், கஷ்டமில்லை” என்று மலாயில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நேயர்களின் குரலை மட்டும் வைத்து ஆளை ஊகிப்பது என் தொழில். அவர் என் பதிலை மட்டும் வைத்து மெஷினை ஊகித்தார்.

முதலில், நீட்டிப்பு வயரில் செருகாமல் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மாற்றமில்லை.

அடுத்து, மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெடலை அழுத்தச் சொன்னார். மோட்டார் ‘விர்ர்ர்’ என்று பறந்தது. போனிலேயே அவருக்குக் கேட்டது. மோட்டாரும் நலம், பெடலும் நலம் என்றார். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் மோட்டார் வேகமாகச் சுற்றும், சக்கரம் மட்டும் பின்தங்கும். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே திணறின. விரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் உள்வாங்கியது. அதனால் அளவுக்கு மீறி இறுகியும் இல்லை.

மூன்றாவது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். சப்பாத்தி மாவைப் பிசைவது மாதிரி கனத்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும். அப்படிச் சுற்றியபோது லேசாக இருந்தது. ஆக, நோய் மெஷினின் தலைக்குள்தான்.

ஊசியைக் கழற்றி, தகட்டைத் திறந்து, பாபின் இருக்கும் இடத்தில் சிக்கிக் கிடந்த பஞ்சையும் நூல் துண்டுகளையும் தூரிகையால் எடுத்தேன். சக்கரத்துக்குப் பின்னால் தண்டில் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்தேன். சற்று இளகியது, அவ்வளவுதான்.

அங்கிள் கடைசியாகக் கேட்டார்: “அம்மா என்ன எண்ணெய் விடுறாங்க?”

இழுப்பறையைத் திறந்தேன். மூக்கு நீண்ட சின்ன பாட்டில். மெஷின் எண்ணெய் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், வாசனை இருப்பதே தெரியாது. இது மஞ்சளாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பழைய வடைச்சட்டி வாசம்.

“மிஞ்ஞாக் மாசாக்?” என்றார் அங்கிள். சமையல் எண்ணெயா?

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அந்த நாட்களில் நான் அம்மாவோடு தங்கியிருந்தேன். அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். “பாப்பா, மெஷின் எண்ணெய் தீர்ந்துபோச்சு” என்றார். கடைகள் பூட்டிக் கிடந்தன. எண்ணெய் எண்ணெய்தானே என்று, அடுப்படிப் புட்டியிலிருந்து அந்த பாட்டிலை நிரப்பி இழுப்பறையில் வைத்தேன். “ரொப்பிட்டேன்மா” என்றேன். எதை ரொப்பினேன் என்று சொல்லவில்லை.

வாரத்துக்குப் பத்துச் சொட்டு. நாலரை வருஷம். சமையல் எண்ணெய் காற்றுபட்டு நாளாக ஆகப் பிசினாகும். அதில் பஞ்சு ஒட்டும். மெஷின் கனக்கக் கனக்க, அம்மா இன்னும் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டிருக்கிறார்.

மூன்று மாலைகள் சுத்தம் செய்தேன். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி, கரைந்து வரும் பழுப்புக் குழம்பைத் துணியால் துடைத்து, மறுபடி விட வேண்டும். இதைச் செய்யும்போது அடுப்பு எரியக் கூடாது. மோட்டாரையும் போடக் கூடாது, அதில் தீப்பொறி வரும் என்று அங்கிள் இரண்டு முறை எச்சரித்தார். நன்றாகக் காய்ந்த பிறகு கடையில் வாங்கிய அசல் மெஷின் எண்ணெய் விட்டேன். இது பழைய இரும்பு மெஷின்களுக்கான வைத்தியம். இப்போது வரும் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருப்பவர்கள், கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. “பழைய அழுக்கும்மா” என்றேன். மூன்றாம் நாள் பெல்ட்டை மாட்டிப் பெடலைத் தொட்டதும் ‘கடகடகட’ என்று அந்த மழை கொட்டியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். “பாத்தியா, மெஷினுக்கும் வயசாயிருக்கு” என்று சிரித்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. பாட்டிலைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டுத் துணியை வைத்து நேராக ஒரு தையல் ஓட்டினார். திருப்பி வைத்து இன்னொன்று ஓட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“தினம் ராத்திரி காலுக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டுப் படுத்தேன் பாப்பா.”

அன்றிரவு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. நானும் சமாதானம் சொல்ல முயலவில்லை. ஒரு பாட்டில் எண்ணெயைவிட எனக்கு வலித்தது வேறொன்று. “அம்மாவால் முன்போல முடியவில்லை” என்று உறவினர்களிடம் நானும்தான் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள்கூட பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று பார்க்கவில்லை. வயசாயிடுச்சு என்ற பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

மறுநாள் காலை அம்மா அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, “துணி வேற யார்கிட்டயும் குடுக்கலன்னா கொண்டு வா” என்றார். அந்தத் தீபாவளிக்கு இருபத்து மூன்று ரவிக்கை தைத்தார். முன்பெல்லாம் அறுபதைத் தாண்டும். வயது இல்லை என்று சொல்ல முடியாது. ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார். பண்டிகை முடிந்ததும் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவர் போட்டிருந்தது ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய கண்ணாடி.

இழுப்பறையில் இப்போது புது பாட்டில் இருக்கிறது. அதன்மேல் அம்மா கறுப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘மெஷினுக்கு மட்டும். பாப்பா தொடக் கூடாது.’